அரைப்பேர் இல்லாத பெரட்டு

சுதா, பிரதீபன்,

நீங்கள் சின்னவர்களாக இருந்தபோது ஒவ்வொரு பள்ளிக்கூட லீவுக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்பீர்கள். "அப்பா, இந்த லீவுக்கும் ஊரார் புள்ளைங்களோடதான் போகப் போறீங்களா?" நான் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிட்டு, காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன். அம்மாதான் எனக்காகப் பேசுவாள். "விடுங்க, அவருக்கு அங்க போனாத்தான் சோறு எறங்கும்" என்பாள். அந்தக் கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொன்னதே இல்லை. இப்போது நீங்கள் இரண்டு பேரும் கொழும்பில் வேலையில் இருக்கிறீர்கள். எனக்கும் தோட்ட வேலை முடிந்துவிட்டது. முழங்கால் வலியால் சாரணர் துருப்பிலிருந்தும் விலகிவிட்டேன். இனியும் பதிலைத் தள்ளிப்போட ஒரு சாட்டும் இல்லை.

இதை எழுத வைத்தவர் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கும் புது ஆசிரியர். பிரதீபனைவிட வயது குறைவாக இருக்கும். துருப்பை இனிமேல் அவர்தான் நடத்தப் போகிறார். போன மாதம் வீட்டுக்கு வந்து, "அங்கிள், புதுசா சேர்ந்த புள்ளைகளுக்கு மொதல் பாசறை வைக்கணும். என்னென்ன செய்யணும்னு ஒரு லிஸ்ட் எழுதித் தாங்களேன்" என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். தட்டு, கோப்பை, கம்பளி, மாற்று உடுப்பு, அட்டைக் கடிக்கு ஒரு துண்டுச் சவுக்காரம், பத்தடிக் கயிறு. இப்போது கூடாரம் பையிலிருந்து எடுத்தவுடன் தானாக விரிகிறதாம். பெற்றோருக்கெல்லாம் போனில் செய்தி போய்விடுமாம். நல்லதுதான். அவர் போன பிறகு லிஸ்டை மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். முக்கியமான விஷயம் அதில் இல்லை. அது லிஸ்டில் ஏறுகிற மாதிரி விஷயமும் இல்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். வாசித்து முடித்தபின் அவருக்கும் கொடுக்கலாம் என்று தோன்றினால் கொடுங்கள்.

அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வேலை என்னவென்று உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகலாம். ஆகவே சொல்லி வைக்கிறேன். விடிந்ததும் எல்லாரையும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்திப் பேர் பதிந்து மலைக்கு அனுப்ப வேண்டும். அதுதான் பெரட்டு. பிந்தி வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். பின்னேரம் கொழுந்து நிறுக்கும்போது, சொன்ன கிலோ இருந்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். நாள் முழுக்க மலையில் நின்றவருக்கு அரை நாள் சம்பளம் என்று அர்த்தம். அந்தச் சட்டத்தைப் போட்டவன் நானில்லை. ஆனால் "அரைப்பேரு!" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டது என் தொண்டைதான். அந்தத் தொண்டைக்கு டிவிசனில் நல்ல பேர் இருந்தது. எதிர் மலையில் நிற்பவருக்கும் கேட்கும் என்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை.

சாரணர் பக்கம் நான் விரும்பிப் போனவன் அல்ல. அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்குப் படிப்பிக்க நசீர் சேர் வந்திருந்தார். கினிகத்தேனையில் புடவைக் கடை வைத்திருந்த குடும்பம். டவுனில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். அவர்தான் துருப்பைத் தொடங்கினார். புதுப் பிள்ளைகளுக்கு ஒரு பாசறை வைக்க மைதானத்துக்கு மேலே இருக்கிற புல்தரையைத் தரும்படி தோட்டத்தை நிர்வகிக்கிற துரையிடம் கேட்டார். துரை ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். ஒரு மரம் வெட்டுப்படக்கூடாது, ஒரு தேயிலைச் செடி ஒடியக்கூடாது, தோட்டத்து ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அந்த ஆள் நான். காவல் வேலை என்று நினைத்துத்தான் போனேன்.

நசீர் சேர் என்னைக் காவலுக்கு விடவில்லை. பாசறைக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே, "தியாகு, வாங்க, பிள்ளைகள்ட வீடுகளுக்குப் போவம்" என்று கூட்டிக்கொண்டு போனார். பதினெட்டுப் பிள்ளைகள். பதினெட்டு வீட்டுக்கும் போனோம். எந்த லயத்து வரிசை வீட்டிலும் வாசலில் நின்று பேசிவிட்டுத் திரும்பவில்லை. உள்ளே போய், போட்ட பலகையில் உட்கார்ந்து, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். நான் வெளியே நிற்பேன். கணக்கப்பிள்ளை லயத்து வீட்டுக்குள் உட்காருகிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

கீழ் லயத்தில் மகேஸ்வரி வீடு. கொழுந்து எடுக்கிற பிள்ளை. புருஷன் கொழும்பில் கடையில் வேலை. மகன் ஜெகனுக்குப் பதினொரு வயது. வயதுக்குச் சின்ன உடம்பு.

"சேர், ராவைக்கு இவன் பயந்துக்குவானே" என்றாள்.

"நானும்தான் பயப்படுவேன் தங்கச்சி. எல்லாரும் ஒண்டாச் சேந்து பயப்படுவம்" என்றார் சேர்.

அவள் சிரித்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ராவுல ஒருக்கா எழுப்பி விடணும் சேர்... மூத்திரம் போக..." என்றாள். கதவுக்குப் பின்னாலிருந்து, "அம்மா!" என்று ஓர் அலறல். சேர் சிரிக்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து கடதாசி எடுத்து, ஏதோ பெரிய விஷயம் மாதிரி அதைக் குறித்துக்கொண்டார்.

இன்னொரு வேலையும் செய்தார். பாசறைக்கு முதல் நாள் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் பையைக் கொண்டுவரச் சொல்லி, உள்ளே இருந்த சாமான் எல்லாவற்றையும் தரையில் கொட்ட வைத்தார். அம்மாக்கள் அழகாக அடுக்கிக் கட்டியவை எல்லாம் கலைந்து கிடந்தன. "இப்ப நீங்களே கட்டுங்க. இருட்டுல தேடினாலும் கைக்குச் சிக்கோணும்" என்றார். ஒருவன் கோப்பைக்குள் காலுறையைத் திணித்தான். சேர் அதைத் திருத்தவில்லை. "அவன் தேத்தண்ணி குடிக்கக்குள்ள அவனே திருத்திக்குவான்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை போயா லீவு, பௌர்ணமி நாள். பனிக்காலம். காலையில் புல்தரை வெள்ளையாக இருந்தது. கூடாரம் என்று சொல்ல எங்களிடம் இருந்தது மூன்று தறப்பாள்கள்தான். எங்கே கட்டுவது என்று பிள்ளைகள் கேட்டதற்குச் சேர் வாயால் பதில் சொல்லவில்லை. ஒரு வாளி தண்ணீரை மேட்டில் கொண்டுபோய்க் கொட்டினார். தண்ணீர் வளைந்து வளைந்து இறங்குவதை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். "மழ வந்தா இது வார வழி. இதில யாராவது படுக்கப் போறீங்களா?" என்றார். பிள்ளைகள் தண்ணீர் போகாத மூன்று இடங்களைத் தாங்களே காட்டினார்கள். சவுக்கு மரங்களுக்கு இடையில் கயிற்றை இழுத்துக் கட்டி, தறப்பாளைப் போட்டு, ஓரங்களில் கல் வைத்தார்கள். பிறகு சேர் ஒவ்வொன்றுக்குள்ளும் நுழைந்து மல்லாந்து படுத்துப் பார்த்தார். முதுகில் கல் குத்திய இடத்தில், "இதில ஒண்டு ஈக்கி" என்பார். இருக்கு என்பது அவர் வாயில் ஈக்கி. பிள்ளைகள் பாய்ந்து போய்ப் பொறுக்குவார்கள்.

பதினெட்டுப் பேரும் ஆறாறு பேராக மூன்று அணி. ஒவ்வோர் அணிக்கும் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தலைவன். ஜெகன் சிறுத்தை அணி. அதன் தலைவன் சிவா.

பதினொன்றரைக்குச் சேர் ஜும்மாத் தொழுகைக்காக டவுனுக்குப் புறப்பட்டார். "தியாகு, ரெண்டு மணிக்குள்ள வந்திருவேன். வெறகு எடுக்கணும். அவங்களே ரொட்டி சுட்டுத் தின்னட்டும். நீங்க சும்மா பாத்துக்கிட்டிருந்தாப் போதும்" என்றார்.

சும்மா பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தெரியாது. அதுதான் வினையாகப் போயிற்று.

சேர் வளைவில் மறைந்ததும் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். எனக்குக் கை துறுதுறுத்தது. சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற சின்னப் புத்தகத்தை எடுத்தேன். "எல்லாரும் வரிசைக்கு வாங்கடா! ஒசரப்படி நில்லுங்க!"

"பெரட்டா ஐயா?" என்றான் ஒருவன்.

"ஆமாடா, பெரட்டுத்தான்!"

அவர்களுக்கு ஒரே குஷி. ஒருவன் இடுப்பில் கை வைத்துத் துரை மாதிரி முன்னும் பின்னும் நடந்தான். இன்னொருவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, இன்னைக்கி மேலுக்குச் சொகமில்ல, லீவு குடுங்க" என்று கிழவி மாதிரி முனகினான். நானும் சிரித்துக்கொண்டே பேர் பதிந்தேன். பிறகு சொன்னேன்: "சவுக்குத் தோப்புல காஞ்ச வெறகு கெடக்கு. ஆளுக்கொரு கட்டு. கட்டு கொண்டாந்தவனுக்கு முழுப்பேரு. கொறஞ்சா அரைப்பேரு. பன்னெண்டரைக்கு நெறுவ!"

உண்மையில் விளையாட்டுத்தான். பிள்ளைகள் சந்தோஷமாக ஓடினார்கள். ஒவ்வொருவரும் வர வர, கட்டைக் கையால் தூக்கிப் பார்த்து, தராசு பிடிக்கிற மாதிரிப் பாவனை செய்து, "முழுப்பேரு!" என்று கூவினேன். இரண்டு பேருக்கு அரைப்பேர் விழுந்தது. அவர்கள் பல்லைக் காட்டினார்கள். கடைசியாக ஜெகன் வந்தான். கையில் நாலைந்து குச்சிகள். அவன் நடுவில் ஒளிந்து விளையாடவுமில்லை, யாருக்கும் உதவி செய்யவுமில்லை. மெதுவான பிள்ளை, அவ்வளவுதான். ஒவ்வொரு குச்சியையும் எடுத்துப் பார்த்துத்தான் பொறுக்குவான்.

"ஜெகன்... அரைப்பேரு!" என் குரல் எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

வரிசைக்குப் பின்னாலிருந்து ஒருவன், "நேத்து அம்மாவுக்கு அரைப்பேரு, இன்னைக்கி மகனுக்கு அரைப்பேரு!" என்றான். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சொன்னதில் பொய் இல்லை. அந்த வாரம் பனியில் கொழுந்து கருகிப் போயிருந்தது. மலையில் பாதிப் பெண்களுக்கு அரைப்பேர்தான். வியாழக்கிழமை மகேஸ்வரிக்கு இரண்டு கிலோ குறைந்தது. பேரைக் கூப்பிட்டவனும் நான்தான்.

ரொட்டி சுட்டார்கள். ஒன்று இலங்கைப் படம் மாதிரி இருந்தது. ஒன்று செருப்பு மாதிரி இருந்தது. செருப்பைச் சுட்டவன் அதைத் தூக்கிக் காட்டி, "ஜோடி வேணுமா?" என்று கேட்டுச் சுற்றி வந்தான். தேங்காய்ச் சம்பலை அரைத்து வைத்து எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தோம். அப்போதுதான் பார்த்தேன். ஜெகன் தன் ரொட்டியை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியைத் திரும்பத் தட்டத்தில் வைத்தான்.

"ஏண்டா, பசிக்கலயா?"

"எனக்கு அரைப்பேருதானுங்களே ஐயா. பாதி போதுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அதட்டிச் சாப்பிட வைத்திருப்பேன். அவன் கோபமாகச் சொல்லவில்லை. மணி எத்தனை என்று கேட்டால் சொல்வது மாதிரிச் சொன்னான். அரைப்பேர் வாங்கிய மற்ற இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, தங்கள் ரொட்டியையும் பிய்த்தார்கள்.

"டேய், அது வெளையாட்டுக்குடா. தின்னு" என்றேன்.

"அம்மாவும் இப்பிடித்தான் ஐயா செய்வாங்க. அரைப்பேரு அன்னைக்கிப் பாதிதான் திம்பாங்க" என்றான்.

நான் என் ரொட்டியைத் தட்டத்தில் வைத்தேன்.

சாப்பிட்டு முடிந்ததும் அவன் கூடாரத்துக்குள் போனான். வெளியே வரும்போது கம்பளியைச் சுருட்டிக் கட்டியிருந்தான். பையைத் தோளில் மாட்டி, பாதை ஓரத்தில் கல்லின் மேல் உட்கார்ந்தான். எங்கே போகிறாய் என்றால், வீட்டுக்கு என்றான். அரைப்பேர்க்காரர் அரை நாளோடு போய்விட வேண்டும் என்று அவன் நினைத்திருக்கிறான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை என்றேன். "பரவாயில்லீங்க ஐயா" என்றான். என்னைத் தேற்றுகிற குரல் அது.

அவன் மட்டும் இறங்கிப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். மகேஸ்வரி கேட்பாள். அவன் உள்ளதைச் சொல்வான். ஒரு மணி நேரத்தில் மூன்று லயத்துக்கும் தெரியும். கணக்கப்பிள்ளை அங்கேயும் பெரட்டு வைத்து அரைப்பேர் போடுகிறான் என்றால், எந்தத் தாய் பிள்ளையை விட்டு வைப்பாள்? பதினெட்டு வீட்டுப் பலகையில் உட்கார்ந்து சேர் சேர்த்த துருப்பு, சாயந்தரம் கலைந்திருக்கும். அதைவிட, அந்தப் பிள்ளை தன்னைப் பாதி ஆள் என்று எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். எழுதிக் கொடுத்தவன் நானாக இருந்திருப்பேன்.

சேர் வரும்போது ஒன்றே முக்கால் இருக்கும். வந்ததும் அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அணித் தலைவர்களைப் பார்த்தார். அது அவருடைய முறை. தலைகளை அவர் எண்ணமாட்டார். ஒவ்வொரு தலைவனும் தன் அணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவா விறைப்பாக நின்று, "சிறுத்தை அணி, ஆறு பேரு சேர்" என்றான். வழக்கமாக அதன் பிறகு "எல்லாரும் சுகம்" என்று சொல்ல வேண்டும். அவன் சொல்லவில்லை. என்னைப் பார்த்தான், பாதை ஓரத்தைப் பார்த்தான்.

சேர் ரொட்டி சுட்ட இரும்புத் தட்டத்தைக் கையில் எடுத்தார். "தியாகு, வாங்க, இதக் கழுவுவம்."

மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போனோம். அவர் சாம்பலைப் போட்டுத் தேங்காய்ப் பொச்சால் தேய்க்க, நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். என் சிரிப்பையும் சேர்த்துச் சொன்னேன். தட்டம் சுத்தமான பிறகும் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க கெட்டது நெனச்சுச் செய்யல்ல" என்றார். "ஒங்களுக்குத் தெரிஞ்ச பெரட்டப் போட்டீங்க. நான் செல்லிட்டுப் போயிருக்கணும். என் பிழையும் ஈக்கி."

"சேர், நீங்க வந்து அவன்கிட்டப் பேசுங்க. நீங்க சொன்னாக் கேப்பான்."

"நான் பேச ஏலாது தியாகு. நான் பேசினா, பெரிய ஆள் ஒருத்தர் வந்து கணக்கப்புள்ளைய அடக்கிட்டார்னு நெனப்பான். அப்பவும் அரைப்பேரு அங்கயேதான் ஈக்கும். போட்ட ஆள்தான் அத எடுக்கணும்."

"என்னான்னு சொல்றது?"

"இங்க அரைப்பேரு இல்லன்னு செல்லுங்க. மெதுவா வாரவன் மெதுவா வருவான். வந்தவன் முழு ஆள். அவ்வளவுதான் இந்த வேல."

அவ்வளவு சொல்லிவிட்டுத் தட்டத்தை என்னிடம் கொடுத்தார்.

பெரட்டுக் களத்தில் முந்நூறு பேருக்கு முன்னால் நின்று பேசியவன் நான். பதினொரு வயதுப் பிள்ளைக்கு முன்னால் போய் நின்றேன். அவன் கல்லில் உட்கார்ந்திருந்தான். நின்றுகொண்டு பேச முடியவில்லை. புல்லில் உட்கார்ந்தேன். அவன் பதறி எழும்பப் பார்த்தான். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். சிறுத்தை அணி கூடாரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்கிறது என்று தெரியும். கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"ஜெகன், நான் போட்டது தப்புடா. சாரணர்ல அரைப்பேரு கெடையாது. எனக்கு அது தெரியாமப் போச்சு."

அவன் யோசித்தான். மெதுவாகத்தான் யோசிப்பான்.

"நெசமாவாங்க ஐயா?"

"நெசமா. சேர்கிட்ட வேணும்னா கேளு."

இன்னும் கொஞ்சம் யோசித்தான். "அப்ப ஐயா எத்தன கட்டு வெறகு தூக்குனீங்க?"

"நானா? நான் ஒண்ணும் தூக்கலியே."

"அப்ப ஐயாவுக்குப் பேரே இல்ல."

கூடாரத்துக்குப் பின்னால் வெடித்த சிரிப்பில் தறப்பாள் ஒரு பக்கம் கழன்று விழுந்தது. நானும் சிரித்தேன். அவனுக்குச் சிரிப்பு கடைசியாகத்தான் வந்தது. வந்தபோது முழுதாக வந்தது. மிச்சம் வைத்திருந்த பாதி ரொட்டியைச் சிவா கொண்டுவந்து நீட்டினான். வாங்கித் தின்றுகொண்டே, "வாங்க ஐயா, ஒங்களுக்கும் பேரு வேணும்ல" என்று எழுந்தான். தோப்பின் மறு கோடிக்கு விறகுக்குப் போனோம்.

நான் வாழ்க்கையில் யாருடைய வேகத்துக்கும் நடந்தவன் அல்ல. எல்லாரும் என் வேகத்துக்கு நடப்பார்கள். அன்றைக்கு அவன் வேகத்துக்கு நடந்தேன். அரை மணி நேரப் பாதைக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. வழியெல்லாம் பேசினான். அப்பா அனுப்பிய பென்சில் பெட்டி, அதன் மூடி உடைந்த கதை, லயத்து நாய் போட்ட குட்டிகள். நடுவில் ஒன்று சொன்னான்.

"அம்மா நெர கல்லு நெர ஐயா. ஏழாம் நம்பர்ல. சறுக்கும். நீங்க மேல ரோட்டுல நிப்பீங்கள்ல, அங்க இருந்து பாத்தாத் தெரியாது."

நிரை என்றால் கொழுந்து எடுக்க ஒருவருக்கென்று ஒதுக்கிய செடி வரிசை. குறையாகச் சொல்லவில்லை. நாய்க்குட்டியைப் பற்றிச் சொன்ன அதே மாதிரித்தான் சொன்னான்.

ராத்திரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குளிரில் பல் அடித்தது, பாட்டுப் பாடினார்கள், நாலு பேர் அம்மாவைத் தேடி அழுதார்கள். அழுதவர்களில் ஜெகன் இல்லை. சேர் கடதாசியைப் பார்த்து, சரியான நேரத்துக்கு அவனை எழுப்பிவிட்டார். மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது என்று இன்னும் மூன்று பேரையும் சேர்த்து எழுப்பினார்.

சனிக்கிழமை பின்னேரம் பெற்றோர் வந்தார்கள். கொடிக்குக் கீழே பிள்ளைகளுக்குக் கழுத்துப்பட்டி அணிவித்தோம். சாரணர் இடது கையால்தான் கை கொடுப்பார்கள். சேர் அதை விளக்குவதற்கு முன்னமே ஜெகன் என் முன்னால் வந்து இடது கையை நீட்டிவிட்டான். மகேஸ்வரி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

"டேய்! ஐயாவுக்குப் பீச்சாங்கையக் குடுக்கிறியே! சோத்துக்கையக் குடுடா!"

"இங்க இப்பிடித்தான்மா. ஐயாவே இப்பிடித்தான் குடுப்பாரு. நேத்து ஐயாவுக்குப் பேரே இல்ல, தெரியுமா?"

எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. முகம் செத்துப்போயிற்று. தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டு, "ஐயா, சின்னப் புள்ளைங்க, தெரியாமப் பேசிட்டான்... மனசுல வச்சுக்காதீங்க..." என்றாள். திங்கட்கிழமைப் பெரட்டை நினைத்துத்தான் அப்படிச் சொன்னாள் என்பது எனக்குப் புரிந்தது. நான் அவன் இடது கையை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டு, "அவன் சொன்னது சரிதாம்மா" என்றேன். அவள் நம்பினாளோ என்னவோ. பயம் மட்டும் முகத்தை விட்டுப் போகவில்லை.

அதன் பிறகு எத்தனையோ பாசறைகள். ஹட்டனில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனேன், சான்றிதழ் வாங்கினேன், சேர் மாற்றலாகிப் போன பிறகு வேறு மூன்று சேர்மாருக்குத் துணையாக நின்றேன். அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பெரட்டில் என் குரல் இறங்கியது. அரைப்பேரை அழிக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அதைக் கூவுவதை நிறுத்தினேன். சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் சொன்னேன். கல் நிரைகளை ஒருவர் தலையிலேயே கட்டாமல் முறை வைத்து மாற்றிப் போட்டேன். எனக்கு மேலே இருந்த கண்டாக்கு ஐயா, "என்ன கணக்கப்புள்ள, புதுச் சட்டமா?" என்று கேட்டார். அவருக்கு மேலே உள்ளவர்கள் கேட்கவில்லை. ஜெகன் இப்போது ஹட்டனில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறான். இன்றைக்கும் மாத்திரையை மெதுவாகத்தான் எண்ணுவான். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். நான் முணுமுணுப்பதில்லை. நசீர் சேரும் அவனும் சேர்ந்து எனக்கு ஒரு வேலையைக் கொடுத்தார்கள். சம்பளம் இல்லாத வேலை. அதற்காக அவர்கள் இரண்டு பேருக்கும் நான் நன்றி சொல்லாத நாள் இல்லை. ஊரார் பிள்ளைகளோடு ஏன் போனேன் என்றால், அதற்காகத்தான் போனேன்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை உங்கள் அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை.

பாசறை முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மலையில் வேலை இல்லை. கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏழாம் நம்பர் மலைக்குப் போனேன். வழக்கமாக நான் நிற்கும் ரோட்டில் நின்று பார்த்தேன். பச்சைப் பரப்பு மட்டும் தெரிந்தது. ஜெகன் சொன்னது சரி. பிறகு கீழே இறங்கி, மகேஸ்வரியின் நிரையில் முதல் செடிக்குப் போனேன். சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் கொழுந்து எடுக்கத் தொடங்கினேன்.

இருபது வருஷமாகக் கொழுந்தைப் பார்த்து நல்லது கெட்டது சொன்னவன். எடுத்ததில்லை. கருகிய கொழுந்தை ஒதுக்கி, நல்லதை மட்டும் கிள்ள வேண்டும். நாலு செடிக்கு ஒரு செடி பட்டுப்போயிருந்தது. நடுவில் பாறை. அதைச் சுற்றி ஏறும்போது கால் சறுக்கி இரண்டு தடவை முழங்காலில் விழுந்தேன். கையை விட்டால் உருண்டுவிடும் சரிவு. ஒரு கையால் செடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுத்தேன். நிரையின் தலைமாட்டுக்கு வந்து மணியைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். தராசு தேவைப்படவில்லை, அரைப்பேருக்கும் காணாது.

ஞாயிற்றுக்கிழமைக் கொழுந்தை யாரிடம் கொடுப்பது? அங்கேயே செடி மூட்டில் கொட்டினேன். சாக்கை உதறினேன். பக்கத்து நிரை யாருடையது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் அந்த வாரம் அரைப்பேர்தான். சரிவில் உட்கார்ந்து உட்கார்ந்து கீழே இறங்கி, அந்த நிரையின் முதல் செடிக்குப் போய் நின்றேன்.